கறளும் கயரும்: அமில அரிப்பிலிருந்து உருக்கைக் காக்கும் தாவரக் கழிவுகள் பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்து வழக்கில் துருவுக்குக் கறள் என்பது பெயர். துவர்ப்பு மிக்க காய்ச்சாற்றையும் அது படிந்த கறையையும் கயர் என்பர். வாழைக்காயை இரும்புக் கத்தியால் அரிந்த எவரும் அலகு சிறிது நேரத்தில் கருநீலமாக மாறுவதைக் கண்டிருப்பர். காயிலுள்ள தனின் என்னும் பொருள் இரும்போடு சேர்ந்து தோற்றுவிக்கும் நிறம் அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியபோது நிகழ்ந்ததும் இதுவே. காகிதத்தில் எழுதப்பட்ட பழைய கையெழுத்துப் படிகள் பலவற்றில் இன்றும் நாம் வாசிப்பது இரும்பும் தனினும் கூடிய ஒரு சேர்வையைத்தான். அடுக்களையிலும் ஏட்டிலும் பழகிப்போன இந்தச் சேர்க்கை, தாவரக் கழிவுகளிலிருந்து எடுக்கப்படும் சாறுகளைக் கொண்டு உருக்கை அமில அரிப்பிலிருந்து பாதுகாத்தல் என்னும் ஆய்வுத்துறையின் வாயிலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றது.

இலக்கிய ஆராய்ச்சியிற் பயின்றவன் இரசாயனவியலைப் பற்றி எழுதுவது வழக்கமன்று. ஆயினும் எது பொருள், எது கழிவு, அதை யார் தீர்மானிக்கின்றனர் என்ற வினாக்கள் ஆய்வுகூடத்துக்கு வெளியேதான் பிறக்கின்றன. அவ்வினாக்களோடு இத்துறையை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், உருக்கை அமிலத்தில் இடவேண்டிய தேவை எங்கிருந்து வருகின்றது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளவேண்டும். கடற்காற்றில் கறள் பிடிப்பது ஒரு வகை அரிப்பு. 1914 இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடருந்துப் பாலம் ஒரு நூற்றாண்டுக் காலம் அவ்வகை அரிப்போடு போராடி, 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரிலில் புதிய பாலத்துக்கு இடம்விட்டது. அங்கே இரும்பை உண்பவை உப்பும் ஈரமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஆகும். நாம் இங்கு பேசுவது அதுவன்று. தொழிற்றுறையில் மனிதன் வேண்டுமென்றே உருக்கை அமிலத்தில் இடுகின்றான். சூட்டில் உருட்டப்பட்ட உருக்குத் தகட்டின் மேல் இரும்பொட்சைட்டுச் செதில் படிந்திருக்கும். அச்செதிலை நீக்காமல் நாகம் பூசவோ ஈயம் பூசவோ இயலாது. எனவே தகட்டைச் சல்பூரிக்கமிலத் தொட்டியிலோ ஐதரோகுளோரிக்கமிலத் தொட்டியிலோ ஊறவைக்கின்றனர். நமது கிணற்றடிகளிற் கிடக்கும் நாகம் பூசிய இரும்பு வாளி ஒவ்வொன்றும் இத்தகைய அமிலக் குளியல் ஒன்றைக் கண்டே வந்தது. கொதிகலன்களின் உட்புறத்திற் படியும் சுண்ணாம்பைக் கரைப்பதற்கும், சுண்ணப்பாறையிலுள்ள எண்ணெய்க் கிணறுகளின் ஊற்றுக்கண்களைத் திறப்பதற்கும் அமிலமே பயன்படுகின்றது.

சிக்கல் யாதெனில், செதிலையும் சுண்ணாம்பையும் தின்னும் அமிலம் அவற்றோடு நிற்பதில்லை. கீழேயுள்ள உலோகத்தையும் தின்னத் தொடங்குகின்றது. உருக்கின் மேற்பரப்பில் ஓரிடத்தில் இரும்பணு இரண்டு இலத்திரன்களை விட்டு அயனாகிக் கரைசலுக்குட் செல்லும். அருகே மற்றோரிடத்தில் அமிலத்தின் ஐதரசன் அயன்கள் அவ்விலத்திரன்களைப் பெற்று ஐதரசன் வாயுக் குமிழிகளாக எழும். முன்னது அனோட்டு, பின்னது கதோட்டு. இரண்டும் ஒரே தகட்டின் மேலேயே, கண்ணுக்குப் புலப்படாத அளவு நெருக்கத்தில் நிகழ்கின்றன. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். எழும் ஐதரசனில் ஒரு பகுதி உலோகத்தினுள்ளேயே புகுந்து அதை நொறுங்கத்தக்கதாக ஆக்குகின்றது. குமிழிகள் உடையும்போது சிதறும் நுண்துளிகளோ அமிலப் புகாராகத் தொழிலாளரின் மூச்சிற் கலக்கின்றன. அமிலத் தொட்டியருகே நெடுங்காலம் வேலை செய்வோரின் முன்பற்கள் தேய்ந்து குட்டையாதல் தொழில்சார் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. சல்பூரிக்கமிலம் கலந்த வலிய அமிலப் புகாரைப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதற் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1992 இற் சேர்த்தது. ஆகவே அரிப்பைத் தடுத்தல் என்பது உலோகத்தை மிச்சப்படுத்தும் கணக்கு மட்டுமன்று. குமிழி குறைந்தாற் புகாரும் குறையும். அரிப்பினாலாகும் இழப்பைப் பேசுவோர் பெரும்பாலும் 2016 இல் வெளிவந்த ஒரு சர்வதேச மதிப்பீட்டை மேற்கோள் காட்டுவர். ஆண்டுக்கு 2.5 இலட்சம் கோடி அமெரிக்க டொலர், அதாவது உலக உற்பத்தியில் ஏறத்தாழ 3.4 வீதம் என்பது அது. தொட்டியருகே நிற்பவனின் பல் அக்கணக்கிற் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

அமிலத்திற் சிறிதளவு சேர்த்த மாத்திரத்தில் உலோகக் கரைவை மட்டும் தணித்து, செதிலின் கரைவைத் தடுக்காதிருக்கும் பொருளை நிரோதி என்பர். அது செயற்படும் முறை வியக்கத்தக்க அளவு எளியது. நிரோதியின் மூலக்கூறு உலோகத்தின் மேற்பரப்பிற் போய் ஒட்டிக்கொள்கின்றது. இதனைப் புறத்துறிஞ்சல் என்போம். மூலக்கூறில் நைதரசன், ஒட்சிசன், கந்தகம் ஆகிய அணுக்களோ காபன் வளையங்களோ இருப்பின், அவற்றின் இலத்திரன்கள் இரும்போடு பிணைவதற்கு வாய்ப்பு மிகுதி. ஐதரோகுளோரிக்கமிலத்தில் மற்றொரு வழியும் உண்டு. நேரேற்றம் பெற்ற இரும்புப் பரப்பில் முதலிற் குளோரைட்டு அயன்கள் அமர்கின்றன. அமிலத்தில் ஐதரசன் அயனை ஏற்று நேரேற்றம் பெற்ற நிரோதி மூலக்கூறுகள் அக்குளோரைட்டுகளின் மேல் வந்து படிகின்றன. மூலக்கூறு அமர்ந்த இடத்தில் அமிலத்துக்கு இடமில்லை. பெரும்பாலான சோதனைகளில், இவ்வாறு மூடப்படும் பரப்பின் அளவு இர்விங் லாங்மியூர் 1918 இல் வகுத்த சமன்பாட்டைத் தழுவிச் செல்வதாகக் காணப்படுகின்றது.

சோதனை முறையையும் சொல்லிவிடலாம். ஒரே அளவான இரு உருக்குத் துண்டுகளைத் துலக்கி நிறுத்து, ஒன்றை வெறும் அமிலத்திலும் மற்றதை நிரோதி சேர்ந்த அமிலத்திலும் குறித்த நேரம் இட்டு மீண்டும் நிறுப்பர். முன்னது 100 மில்லிகிராம் இழக்கும்போது பின்னது 10 மில்லிகிராம் மட்டும் இழப்பின் நிரோதியின் வினைத்திறன் 90 வீதம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. 90 வீதம் 95 வீதமாவது ஐந்து வீத முன்னேற்றம் போலத் தோன்றும். உண்மையில் இழப்பு 10 இலிருந்து 5 ஆக, சரிபாதியாகக் குறைகின்றது. இதை மறந்து எண்களை வாசிப்போர் மிகப்பலர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். தாவரக் கழிவு உலோகத் தொழிலுக்குள் நுழைந்தது அண்மையில் என்று எண்ணுவது தவறு. கனிம அமிலங்கள் மலிவாகக் கிடைப்பதற்கு முன்னர், ஐரோப்பாவின் ஈயத் தகட்டுப் பட்டறைகளில் தவிட்டை நீரிற் பல நாள் புளிக்கவைத்து அப்புளித்த நீரிலேயே இரும்புத் தகடுகளை ஊறவைத்துச் செதில் நீக்கினர். அமிலமே தவிட்டிலிருந்து பிறந்தது. பின்னர்ச் சல்பூரிக்கமிலம் வந்தது. அது உலோகத்தையும் சேர்த்துத் தின்றபோது மீண்டும் சமையற்கூடத்துப் பொருள்களையே நாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தானியாவில் போல்ட்வின் என்பவர் பெற்ற உரிமப்பத்திரம் அமிலத் தொட்டியில் சர்க்கரைப்பாகுக் கழிவையும் தாவர எண்ணெயையும் சேர்ப்பதைப் பற்றியது. 1872 இல் மரங்கோனி, ஸ்தெஃபனெல்லி என்னும் இத்தாலியர் இருவர் பசை, சவ்வுப்பசை, தவிடு ஆகியவற்றின் சாறுகள் அமிலத்தில் இரும்பின் அரிப்பைத் தணிப்பதைக் காட்டினர். கரும்பாலையின் கழிவும் ஆலையின் தவிடும் இத்துறையின் மூத்த குடிகள்.

அவை ஏன் மறைந்தன? இதற்கு விடை தேடுகையில் மார்க்சின் 'மூலதனம்' மூன்றாம் தொகுதி துணைக்கு வருகின்றது. எங்கெல்சினால் பதிப்பிக்கப்பெற்று 1894 இல் வெளிவந்த அந்நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் உற்பத்தியின் கழிவுகளைப் பயன்படுத்தல் பற்றி ஒரு பகுதி உண்டு. கழிவானது மீண்டும் உற்பத்திக்குள் வருவதற்கு, அது பெருந்தொகையாக ஓரிடத்திற் சேரவேண்டும், அதனைப் பயன்படுத்தும் பொறியும் அறிவியலும் வளர்ந்திருக்கவேண்டும் என்பது அங்கு மார்க்ஸ் நிறுவும் கருத்து. அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று நிலக்கரித் தார். வாயுத் தொழிற்சாலைகளின் உதவாக் கழிவாக இருந்த தார் அனிலீன் சாயங்களாகவும் அலிசரினாகவும் உருமாறியமையை அவர் சுட்டுகின்றார்.

இவ்வெடுத்துக்காட்டு ஈழத்தவராகிய நமக்கு அந்நியமானதன்று. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் விளைந்த சாயவேரின் சிவப்புக்கும் அலிசரினே காரணம். ஒல்லாந்தர் காலத்தில் அவ்வேர் அரசின் வருவாய்களுள் ஒன்று. அதைக் கிண்டிக் கொடுக்கும் கடமை சாதி வழியாகச் சிலர் மேற் சுமத்தப்பட்டிருந்தது. 1868 இல் ஜேர்மனியில் கிரேபெ, லீபர்மன் ஆகியோர் அலிசரினைத் தாரின் சேர்வையிலிருந்து ஆக்கிக் காட்டினர். அதன்பின் உலகில் எங்கும் சாயவேருக்குப் பழைய விலை இருக்கவில்லை. இதே தாரிலிருந்து 1834 இல் ருங்கே பிரித்தெடுத்த குயினோலீனும் அதன் இனப் பொருள்களும் இருபதாம் நூற்றாண்டில் அமிலத் தொட்டிகளுக்கு நிரோதிகளாயின. தவிடும் சர்க்கரைப்பாகும் வெளியேறிய வாயிலும், சாயவேர் வெளியேறிய வாயிலும் ஒன்றே. ஒரு கழிவை மற்றொரு கழிவு வென்றது என்றும் இதனைச் சொல்லலாம். வென்ற கழிவின் பின்னே பெருமூலதனம் நின்றது.

புதிய நிரோதிகள் ஆற்றல் மிக்கவை என்பதில் ஐயமில்லை. அவற்றின் மறுபக்கத்தை எண்ணெய்க் கிணறுகளின் வரலாறு காட்டும். சுண்ணப்பாறையில் ஐதரோகுளோரிக்கமிலத்தைச் செலுத்தி எண்ணெய் பெருக்கும் முறைக்கு 1896 இல் ஹேர்மன் ஃபிராஷ் அமெரிக்காவில் உரிமப்பத்திரம் பெற்றார். குழாய்கள் அரிபட்டமையால் அது நிலைக்கவில்லை. 1932 இல் மிச்சிகன் மாநிலத்தில் அம்முறை உயிர்பெற்றது. அதற்குக் காரணமான நிரோதி ஆசனிக்கு, அதாவது பாடாணம். போமல்டிகைட்டு என்னும் ஃபோமலின் பொருளும் அமிலத் தொட்டிகளில் நெடுங்காலம் பயன்பட்டது. 2004 இல் அதுவும் மேற்கூறிய புற்றுநோய்ப் பட்டியலின் முதற் பிரிவைச் சேர்ந்தது. நஞ்சில்லாத நிரோதியைத் தேடும் முயற்சி இவ்வாறே எழுந்தது. அம்முயற்சி இருபதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் பழைய வாயிலுக்கே திரும்பி வந்தது.

1982 இல் எகிப்திய ஆய்வாளராகிய சாலேயும் அவர் குழுவினரும் இலைகள், பழத்தோல்கள் ஆகியவற்றின் நீர்ச்சாறுகள் அமிலத்தில் உருக்கு முதலிய உலோகங்களைக் காக்கும் விதத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். மாந்தோலும் தோடந்தோலும் அவற்றில் அடங்கும். 2010 இல் ரியோ டி ஜெனீரோவில் ட ரோச்சா முதலானோர் மாங்காய், தோடை, கொடித்தோடை, மரமுந்திரி ஆகியவற்றின் தோற்சாறுகளை ஐதரோகுளோரிக்கமிலத்திற் சோதித்தனர். சாறு கூடக் காப்புக் கூடியது. வெப்பம் கூடக் காப்புக் குறைந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டினர் காப்பிச் சக்கையையும் சோதனைக்கு எடுத்தனர். காப்பி விளையும் நாடு காப்பிச் சக்கையை ஆராய்வது இயல்பே. மலேசியாவில் பினாங்கு அறிவியற் பல்கலைக்கழகத்து அஃபிதா அப்துல் ரஹீம் குழுவினர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகுந்த நிறைவு தருவது. கண்டல் மரத்தைக் கரிக்காக வெட்டும்போது கழிக்கப்படும் பட்டையே அவர்களது மூலப்பொருள். அதிலுள்ள தனின் உருக்கைக் காக்கின்றது. அமிலம் கடுமையாக இருக்கும்போது தனின் மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டிக்கொள்வதே காப்பாகின்றது. அமிலம் தணியும்போதுதான் வாழைக்காய்க் கத்தியிற் காணும் கருநீலச் சேர்வை உருவாகின்றது. அதாவது கத்தி கறுப்பதும் அமிலத் தொட்டியில் உருக்குப் பிழைப்பதும் ஒரே பொருளின் வேலைகள், ஆனால் ஒரே வேலை அல்ல. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாது தனின் உள்ளதெல்லாம் நிரோதி என்று எழுதிவிடுவோர் உளர்.

தமிழகத்தில் இத்துறைக்கு ஒரு தனி மரபு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் அளிக்க, 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிப்பியலைத் தன் முதன்மைத் துறைகளுள் ஒன்றாகக் கொண்டது. காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் சேதுராமனும் அவர் மாணவர் ராஜாவும் ஊமத்தை, மிளகு, எட்டி ஆகியவற்றின் சாறுகளை ஆராய்ந்தனர். இயற்கைப் பொருள் நிரோதிகளைத் தொகுத்து 2008 இல் அவர்கள் எழுதிய மதிப்பீடு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றது. ஆயினும் ஒரு தடை. மிளகு கழிவன்று. அதைக் கொடுத்து உருக்கைக் காப்பது வெள்ளியை விற்று ஈயம் வாங்குவதற்கு ஒப்பு. எட்டியோ கொடிய நஞ்சு. பச்சை நிறமுள்ளதெல்லாம் தீங்கற்றது என்னும் மயக்கம் இத்துறையில் ஆழமாக வேரூன்றியுள்ளது. நிக்கொட்டீனும் ஸ்ற்றிக்னீனும் செடியிலேயே பிறந்தவை என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

நிக்கொட்டீன் என்றதும் கோப்பாய்க்கு வருதல் தவிர்க்கவியலாததாகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், செம்மண்ணும் சுண்ணப்பாறையும் சேர்ந்த நிலம் கோப்பாய். அச்செம்மண்ணின் செம்மைக்குக் காரணமே இரும்பொட்சைட்டு. கறளின் மேல் நின்றுதான் கோப்பாய் விவசாயி கொத்துகின்றான். திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பி விளைந்த யாழ்ப்பாணப் புகையிலையின் வரலாற்றில் இப்பகுதித் தோட்டங்களுக்குப் பங்குண்டு. புகையிலைச் செடியில் விலைபோவது இலை. தண்டும் ஒடிந்த இலையும் கிள்ளியெறியும் கிளைப்பும் கழிவு. அமெரிக்காவில் ஃபிரோன்ஹோஃபர் என்னும் பல்மருத்துவப் பொருளியல் அறிஞர் புகையிலைச் சாறு உலோக அரிப்பைத் தணிப்பதைக் கண்டு 1990களில் உரிமப்பத்திரம் பெற்றார். சிகரெட்டுக்குச் சந்தை சுருங்கும் நாட்டில் புகையிலைக்கு வேறு பயன் தேடும் ஆர்வம் எழுந்தது விளங்கத்தக்கதே.

கோப்பாயை அடுத்த நீர்வேலி வாழைக்குப் பெயர்பெற்ற ஊர். வாழைத்தோற் சாறு பற்றி 2015 இல் வட இந்திய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, காயின் தோல் தரும் காப்புப் பழுக்கப் பழுக்கக் குறைவதைக் காட்டியது. கயர் குறைவதும் பழம் இனிப்பதும் ஒன்றாகவே நிகழ்பவை என்பதை நாவே அறியும். இங்கு ஒரு முரண்பாடு வெளிப்படுகின்றது. சந்தையிலும் வீட்டிலும் குவிவது பழத்தோல். காப்பு மிகுந்ததோ காய்த்தோல். எனினும் குலை வெட்டும் தோட்டத்திலே கழிக்கப்படும் சிறுகாய்களும் சேதமுற்ற சீப்புகளும் காயாகவே உள்ளன. ஆகவே கழிவைச் சேகரிக்கவேண்டிய இடம் சந்தையன்று, தோட்டமே.

உப்பாற்றைக் கடந்து கைதடிக்குச் சென்றால் பனை ஆராய்ச்சி நிலையம். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தோன்றியது. பனையின் கழிவுகளுக்கு நம் வழக்கிலே தனித்தனிப் பெயர்கள் உள்ளன: ஊமல், பன்னாடை, தும்பு, மட்டை, பனம்பழத்தோல். பெயருள்ள பொருள் முழுக் கழிவாக இருத்தல் அரிது. ஊமற்கரி கொல்லன் உலைக்குப் போனது. மட்டை வேலிக்கும் அடுப்புக்கும் போனது. பனங்களியின் கசப்புக்குக் காரணமான சப்போனின் வகைப் பொருள்களை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தினர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சப்போனின் சவர்க்காரம் போலப் பரப்புகளை நாடும் இயல்புடையது. அமிலத்தில் உருக்குப் பரப்பை அது எங்ஙனம் மூடும் என்பது சோதிக்கத்தக்க ஒரு வினா. பனைப் பொருளைக் கொண்டு அமிலத்தில் அலுமினியத்தைக் காக்கும் ஆய்வும் தமிழகத்திலிருந்து வந்துள்ளது.

கோப்பாயில் உருக்கு ஆலை இல்லையே, அமிலத் தொட்டி எங்கே என்று வினவலாம். ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரில் அழிந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. உண்மை. ஆயின் குடாநாட்டின் அமிலத் தேவை அதன் தண்ணீரிலேயே அடங்கியுள்ளது. சுண்ணப்பாறையில் ஊறிய நீர் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளைத் தகடாகப் படியும் சுண்ணாம்பை அறியாத குடும்பம் இங்கு இல்லை. வீட்டிலே அதனைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கரைத்துவிடலாம். அரிசி ஆலையின் கொதிகலனிலும் வடிசாலையின் குழாயிலும் அதே சுண்ணாம்பு படிகின்றது. படிவு தடிக்கத் தடிக்க விறகோ எண்ணெயோ கூடுதலாக எரியும். உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கவும் கூடும். படிவை நீக்க ஐதரோகுளோரிக்கமிலம் விட்டுக் கழுவ வேண்டும். நிரோதியின்றிக் கழுவினாற் கொதிகலனின் சுவரே மெலியும்.

கழுவிய நீர் எங்கே போகின்றது என்பதுதான் இவ்விடயத்தில் எல்லாவற்றிலும் பெரிய வினா. குடாநாட்டின் பாறை வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரைக் கிணறு அதற்குச் சான்று. மேலே மிதக்கும் நன்னீர்ப் படையையும் கீழேயுள்ள உவர்நீரையும் பிரிப்பது சுவரன்று, அடர்த்தி வேறுபாடு மட்டுமே. நிலத்தில் ஊற்றியது கிணற்றில் வரும். சுன்னாகம் மின்னிலையச் சூழலில் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தமை பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு உயர்நீதிமன்றம் 2019 இல் ஆணையிட்டது. அமிலத்தைப் பொறுத்தவரை ஒரு சாதகம் உண்டு. சுண்ணப்பாறை அதனை நடுநிலைப்படுத்திவிடும். ஆனால் அமிலத்தோடு சென்ற நிரோதியைப் பாறை தடுப்பதில்லை. அது போமல்டிகைட்டாயின் போமல்டிகைட்டு, ஆசனிக்காயின் ஆசனிக்கு, அப்படியே கிணற்றை நோக்கிச் செல்லும். வேறோர் ஊரில் செலவு குறைக்கும் மாற்றாகக் கருதப்படக்கூடிய தாவர நிரோதி, கிணற்றை நம்பி வாழும் கோப்பாய் போன்ற ஊரிற் குடிதண்ணீர்ப் பிரச்சினையின் ஒரு கூறாகின்றது. இதே காரணத்தாற் புகையிலைத் தண்டை நான் ஏற்கத் தயங்குவேன். நிக்கொட்டீன் நீரிற் கரைவது. கோப்பாய்க்கு உகந்தது வாழைக்காயும் பனையும் கண்டற் பட்டையுமே. கண்டலுக்கும் ஒரு வரையறை வேண்டும். மலேசியாவில் அது கரித்தொழிலின் கழிவு. இங்கே பட்டைக்காக மரத்தை உரித்தால் அது கழிவன்று, கரையோரத்தின் அழிவு.

கணக்கும் அச்சுறுத்துவதன்று. ஆய்வுகளிற் பெரும்பாலும் ஒரு லீற்றர் அமிலத்துக்குச் சில நூறு மில்லிகிராம் உலர்சாறு போதுமாகின்றது. லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்று கொள்ளின் 1000 லீற்றர் தொட்டிக்கு 400 கிராம். காய்ந்த கழிவின் எடையிற் பத்திலொன்றே சாறாக இறங்கும் என்று வைத்துக்கொண்டாலும் 4 கிலோகிராம் காய்ந்த தோல் போதும். நிழலில் உலர்த்தி, இடித்து, நீரிற் காய்ச்சி, வடித்து, வற்றவைக்கும் வேலை நம் ஊர்ப் பெண்கள் நெடுங்காலமாகப் பனாட்டுக்கும் பாணிக்கும் செய்துவரும் வேலைக்கு அந்நியமானதன்று. வற்றவைக்காத சாறு சில நாளிற் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

இத்துணை எளியதாயின் ஏன் தொழிற்சாலைகள் இதனை விரைந்து ஏற்கவில்லை? ஆய்வேடுகளை வரிசையாக வாசிப்போருக்கு விடை ஓரளவு புலப்படும். இன்ன இலை, இன்ன அமிலம், இத்தனை வீதம் என்று நிகண்டு போல அவை நீள்கின்றன. செடியின் பெயர் மாறும், மற்றவை மாறா. சோதனை அமிலம் பெரும்பாலும் லீற்றருக்கு 36.5 கிராம் ஐதரசன் குளோரைட்டு உடையது. தொழிற்சாலைத் தொட்டியிலோ அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. சல்பூரிக்கமிலமாயின் தொட்டி 60 பாகைக்கும் மேற் சூடாக இருக்கும். ஆய்வுகூடத்துத் துண்டு மெருகிட்டுத் துலக்கியது. தொழிற்சாலைத் தகடு செதிலேறியது. தொட்டியிற் கரைந்து சேரும் இரும்பயன்கள் அரிப்பை மேலும் தூண்டும். வெப்பம் ஏற ஏற மென்மையாக ஒட்டிய மூலக்கூறுகள் பரப்பை விட்டு நீங்கும். சல்பேற்று அயன்கள் குளோரைட்டைப் போல் இரும்பில் அமர்ந்து உதவுவதும் இல்லை. அதனாற் சிலர் சிறிதளவு அயடைட்டு உப்பைச் சேர்த்துக் காப்பை உயர்த்துகின்றனர். ஒரே மரத்தின் தோலும் மாரியில் ஒரு வகை, கோடையில் ஒரு வகை. தரம் மாறாப் பண்டத்தையே மூலதனம் வாங்கும். அது வாங்காத இடத்தில் ஆய்வு கட்டுரையாகவே நின்றுவிடுகின்றது.

கோப்பாயின் கொதிகலன் இவ்வகையில் ஒரு வாய்ப்பு. அங்கு அமிலம் மென்மையானது, வெப்பம் குறைவு, கழுவும் நேரம் சில மணித்தியாலம். உருக்கு ஆலையில் தோற்கக்கூடிய சாறு இங்கு வெல்லக்கூடும். இதனைச் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. நுண்தராசு, கொதிகலனிலிருந்து வெட்டிய பழைய தகட்டுத் துண்டு, உண்மையான படிவு, உண்மையான கிணற்றுநீர் ஆகியன போதும். மெருகிட்ட புதுத் துண்டைத் தவிர்ப்பதே இங்கு முதல் விதி.

மற்றொரு வினா எஞ்சி நிற்கின்றது. வாழைத்தண்டும் தோலும் மாட்டுக்குத் தீனி, தோட்டத்துக்குப் பசளை. குழை தாழ்த்து மண்ணைக் காத்த விவசாயிக்கு அவை எக்காலத்திலும் கழிவாக இருந்ததில்லை. விலை கொடுப்போன் ஒருவன் வந்து அவற்றைக் கழிவு என்று பெயரிட்டு அள்ளிச் செல்வானாயின், தோட்டக்காரன் அதற்குப் பதிலாக உரம் வாங்குவான். அவ்வுரத்தின் நைத்திரேற்று மறுபடியும் அதே கிணற்றில் இறங்கும். சாயவேரைக் கிண்டியவர்களுக்கு அதன் விலையில் என்ன கிட்டியது என்பதை நாம் அறிவோம். எனவே சாறு இறக்கும் இடம் தோட்டத்துக்கு அருகே, கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருத்தல் வேண்டும். காய்ச்சி வடித்தபின் எஞ்சும் சக்கை அன்றைக்கே அதே தோட்டத்துக்குத் திரும்பவேண்டும். சாறு இறங்கியபின்னும் சக்கையின் நார் அழிவதில்லை. பசளைக்கு அது உதவும். சாற்றோடு போய்விடும் சாம்பற்சத்து எவ்வளவு என்பதையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். உருக்குத் துண்டை நிறுக்கும் அதே தராசில் சக்கையையும் நிறுக்கலாம்.